மாப்பிள்ளையின் தூண்டில்

டென்னஸி ஏரியில் ஒரே படகில்தான் இருந்தோம். என் தங்கை புருஷன் டெல்மர் ஏழாவது பாஸ் மீனைத் தூக்கினான். என் தூண்டிலில் பாசிதான் வந்தது.

“என்ன புழு மாட்டியிருக்க மாப்ள?”

“ஏதோ ரப்பர் புழு, மச்சான்.”

எனக்கு வயிறு எரிந்தது. கடையிலேயே விலை உயர்ந்த ரப்பர் புழுவை வாங்கியவன் நான். பொடிமீன் அதன் வாலைக் கடித்துப் பிய்த்தால்கூடக் கழற்றிப் படகுக்குள் எறிந்துவிட்டுப் புதிது மாட்டுபவன்.

அவன் சாண்ட்விச்சைப் பிரித்தபோது, அவன் டப்பாவிலிருந்த புழுவைத் திருடினேன். பாதி விரல் நீளம்தான். மாட்டி வீசினேன். உடனே நாலு பவுண்டு மீன்!

“உன் ரகசியம் இப்ப என் கையில!”

“ஐயோ மச்சான், காலையிலேர்ந்து நீங்க பிஞ்சுதுன்னு எறிஞ்சதைத்தானே பொறுக்கி மாட்டிக்கிட்டிருக்கேன். கடைசியா இருந்ததையும் எடுத்துட்டீங்களே! சீக்கிரம் இன்னொண்ணு எறிங்க.”