இரண்டு பூட்டு

சட்டைப் பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு வேன்காரர் தலையைச் சொறிந்தார்.

"சாவிய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன் போலிருக்கு சார்."

செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூட மறக்காத மனிதர், கடைசி நாள் பார்த்து மறந்திருக்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவி அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. சாவியைக் கோத்திருந்த மஞ்சள் அளவுநாடாத் துண்டு பைக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்.

நூலகத்தின் பின்னறையில் நாங்கள் மூன்று பேர். மேசைமேல் உண்டியல் பெட்டி. இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவரிடம். இன்னொன்று தையல் கடை வைத்திருக்கும் என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. நூலகத்துக்கு மாடி கட்ட வேண்டும் என்று முதல் தடவை தெருத்தெருவாக வசூல் செய்தார்கள். மாடியும் எழும்பியது. முன்னாள் தலைவர் வீட்டில்.

அதற்குப் பிறகு வந்தவர் இந்தச் செயலாளர். பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன்னையே நம்பாதவர். பெட்டி திறக்கும்போது கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சாவி வைத்திருப்பவர்கள் சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது, சிநேகிதர்களாகவும் இருக்கக் கூடாது என்று விதி எழுதியதும் அவர்தான். மாதாமாதம் நோட்டில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒருவர் பொய் சொன்னால் மற்றவர் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டு பூட்டு போட்டதே அதற்குத்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. நூறு ரூபாய் நோட்டு பதினேழு என்று வேன்காரர் சொல்வார். நான் எண்ணிப் பார்த்துவிட்டு, பதினேழு என்பேன்.

அந்தப் பதினேழைக் கேட்கத்தான் முப்பது நாள் காத்துக்கிடக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். சட்டைக் காலர் நைந்திருப்பதைப் பார்த்தால் கழற்றித் திருப்பித் தைத்துக் கொடுக்கக் கை பரபரக்கும். வாயைத் திறக்க மாட்டேன்.

இன்று எண்ணி முடித்தால் மாடிக்கு வேண்டியது சேர்ந்துவிடும். பெட்டியை எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு இந்த மனிதரைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது. ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

செயலாளர் விடுகிற மாதிரி இல்லை.

"வீடு பக்கந்தானே, வேனை எடுத்துட்டுப் போய்க் கொண்டாந்துடுங்க. நாங்க உட்கார்ந்திருக்கோம்."

வேன்காரர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் நோட்டையும் பெட்டியையும் விட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தது அப்போதுதான். காது இரண்டும் சிவந்து போயிருந்தன. பொய் சொல்லத் துப்பில்லாத ஆள், எப்போதுமே அப்படித்தான்.

கைப்பைக்குள் விட்ட கையில் என் சாவி பட்டது.

"என் சாவியும் இல்ல சார். தங்கச்சி தெரியாம எடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமைதான் வருவா."

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு சாவியும் வராததால் பெட்டி திறக்கப்படவில்லை, அடுத்த ஞாயிறு பத்து மணி என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதி, நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

'உறவு' கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட வேன்காரர் குனிந்தபோது அவர் பையைக் கண்ணால் காட்டினேன். அவர் தாடையைத் தடவுவதுபோல் கையைக் கொண்டுபோய் நாடாவை உள்ளே தள்ளிவிட்டார்.

அந்த நாடா என் கடையில் அறுந்துபோன நாடா. வீட்டை விட்டுப் போன அன்று என்னுடைய பொருள் என்று அவர் எடுத்துக்கொண்டு போனது அது ஒன்றைத்தான்.

சாவிக்கு யாரைப் போடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது எங்களுக்கு விவாகரத்தாகி நாலு மாதம். இந்த இரண்டு பேரும் எந்தக் காலத்திலும் கூட்டுச் சேர மாட்டார்கள், ஊர்ப் பணத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு கிடையாது என்று செயலாளர்தான் எழுந்து சொன்னார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் இருவரும்கூடத் தட்டினோம்.