ஏழாம் கூண்டின் சூடு

ஆய்வுக்கூடத்தில் ஏழாம் கூண்டின் இரண்டு முயல்களுக்கும் வயிற்றுக்குள் விரல்நுனி அளவில் ஒரு கருவி தைத்திருந்தார்கள். உடம்புச் சூடு எவ்வளவு என்று அது கணினித் திரைக்குச் சொல்லும். தனியாக அடைத்தால் முயல் ஏங்கிப்போகும் என்றுதான் ஜோடியாக விட்டிருந்தார்கள்.

செவ்வாயன்று சாம்பல் முயல் செத்துப்போனது. அதன் கருவியை வெளியே எடுத்ததும், கழுவி டிராயரில் போட்டவள் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக்காரிதான். ஆனாலும் திரையில் சாம்பல் முயலுக்கு நேராக, உயிருள்ள முயலுக்கு இருப்பதுபோல், முப்பத்தொன்பது டிகிரி இறங்கவே இல்லை.

"கருவியை ஆஃப் பண்ணிப் பாருங்கக்கா," என்றார் டாக்டர்.

"அன்னைக்கே பண்ணிட்டேனே சார்."

"அப்ப மெஷினுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வெள்ளை முயலோ ஏங்கவில்லை. வேளை தவறாமல் தின்றது. படுக்கும்போது மட்டும் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. பக்கத்தில் அது விட்டுவைத்த இடத்தில் வைக்கோல் அமுங்கிக் குழிந்திருந்தது. அவள் அங்கே கை வைத்தாள். கதகதவென்று இருந்தது. கையை எடுக்க மனசே வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போனாள். கணவர் இறந்துபோன இந்த மூன்று வருஷமாக அவளும் சுவரோரமாகத்தான் படுக்கிறாள். கட்டிலின் மறுபக்கம் உள்ளங்கையைப் பதித்து வெகுநேரம் நின்றாள்.

கை வைத்திருந்த இடம் மட்டும், அவள் கைச்சூட்டில் சூடானது.