ஆளில்லாத் தழை

அவள் பார்த்துவிட்டாள்.

முன்னால் போன மூப்பன் கை தானாக நீண்டது. ஒரு தழையை ஒடித்தது. வளைவில் போட்டது. உதடும் சும்மா இருக்கவில்லை.

"கேலனுக்கு."

போட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

பக்கத்தில் வந்த கம்பெனி சர்வேயரும் பார்த்துவிட்டார்.

நேற்று மாலைக் கூட்டத்தில் முழங்கியவர் இதே மூப்பன்தான். வெள்ளைக்காரன் தங்கம் தோண்டிவிட்டுப் போன குழியைக் கம்பெனி மறுபடி திறக்கப்போகிறது. வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. குழி எங்கே என்று தெரிந்தவர்கள் நாம்தான். காட்டிக்கொடுத்தால் நம் குடிசைகள் இருக்கிற பாடியையே காலி பண்ணச் சொல்வான். ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

எல்லாருமே அவளைத்தான் பார்த்தார்கள்.

நியாயம்தான். யார் வீட்டில் கோழி அடித்தார்கள், யார் மருமகள் மூட்டையோடு மலை இறங்கினாள், பீடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த மூப்பன் எந்த மரப்பொந்தில் பீடிக்கட்டு ஒளித்திருக்கிறார், எல்லாம் அவளிடம் உண்டு. அவளிடம் போனது அரை நாளில் மலைக்கு அந்தப் பக்கமும் போய்விடும்.

மூப்பன் பெண்டாட்டி சாத்தி வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுங்க. சாவிய ஆத்துல எறிஞ்சிருங்க."

சாத்தியும் அவளும் பேசி மூன்று வருடம் ஆகிறது. ஒரு பூசணிக்காய் விவகாரம். யார் பறித்தது என்று பாடிக்கே தெரியும். சாத்தி மட்டும் அவளைத்தான் சொல்வாள்.

ஆகவே விடிந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்தாள். முந்தானையைக் கடித்தாள். தெரிந்த சேதியெல்லாம் வயிற்றுக்குள் புரண்டு படுத்தது.

சர்வேயர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீங்க தினம் விறகுக்குப் போற வழியிலயே போங்க. நான் சும்மா கூட வர்றேன்."

சும்மாவாம்.

இதோ, அவள் வாய் பூட்டினபடி இருக்கிறது. மூப்பன் கை உளறிவிட்டது.

கையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் குழி சரிந்தபோது உள்ளே ஒன்பது பேர். யாரையும் வெளியே எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வளைவைக் கடக்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆளின் பெயரைச் சொல்லி ஒரு தழை போடுவார்கள். மலைக்காற்றில் அது மறுநாள் வரை தங்காது. மறுநாள் இன்னொன்று போடுவார்கள். நடக்கப் பழகும்போதே கைக்குப் பழகிவிடும்.

சர்வேயர் நின்றார். தழையைப் பார்த்தார். அதன் பின்னால் உண்ணிச்செடி மண்டிய மேட்டைப் பார்த்தார். இடத்தைக் குறித்துக்கொள்ளக் கையில் வைத்திருந்த மஞ்சள் கருவியை அழுத்தினார்.

டிக்.

"பெரியவரே, இது எதுக்கு?"

மூப்பன் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று திடீரென அவ்வளவு கவலை.

பின்னால் வந்தவர்கள் கைகளை மடியில் செருகிக்கொண்டார்கள்.

அவளும் வெறும் கையோடுதான் வளைவைத் தாண்டினாள். பிறந்ததிலிருந்து முதல்முறை. முதுகு கூசியது. கால் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்றது. மூப்பனைத் தாண்டி, சர்வேயரையும் தாண்டி இருபதடி போனாள்.

ஒரு பாறை. ஒன்றுக்கும் உதவாத பாறை. குரங்குகூட உட்காராது.

நின்றாள்.

ஒரு தழையை ஒடித்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் எல்லாம் நின்றது.

அடியில் ஆளில்லாத இடத்தில் தழை போடக்கூடாது. போட்டால் அந்த இடம் ஆள் கேட்கும். எந்தப் பெயரைச் சொன்னாயோ அந்த ஆளைக் கேட்கும். பாடியில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கதை.

பெயரில்லாமலும் போட முடியாது. சர்வேயர் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

யாரைச் சொல்வது?

சாத்தியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது.

விழுங்கினாள்.

"கெம்பிக்கு."

நாளெல்லாம் அடுத்தவர் பெயரையே மென்ற வாய். தன் பெயர் இவ்வளவு சின்னது என்று அதற்கு இப்போதுதான் தெரிந்தது.

சர்வேயர் வந்து மூன்று நாளாகிறது. யாரையும் பெயர் கேட்டதில்லை. 'ஏம்மா' என்பார். 'பெரியவரே' என்பார். அதிலேயே காரியம் நடந்தது.

டிக்.

அவள் நடந்தாள். வேகமாக. கொஞ்சம் தள்ளி ஒரு புற்று. அதற்கும் ஒன்று போடலாம். ஆனால் சொல்ல அவளிடம் இன்னொரு பெயர் இல்லை.

அப்போது பின்னால் ஒரு தழை ஒடிந்தது.

அவள் திரும்பவில்லை. ஒரு சத்தம் கேட்டும் அவள் திரும்பிப் பார்க்காதது அன்றைக்குத்தான்.

வெற்றிலை குதப்பும் குரல்.

"சாத்திக்கு."

டிக்.

சர்வேயர் நெற்றியைத் துடைத்தார். கருவியைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மாதிரி இன்னும் எத்தனை இடம் இருக்கு?"

இப்போது அவள் திரும்பினாள்.

பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். கடைசியில் மூப்பன்.

மடியில் செருகியிருந்த கைகள் எல்லாம் வெளியே வந்திருந்தன.