தொடர்புகளுக்கு

மரண அறிவித்தல் இணையத்தளத்துக்கு ஒரு சின்ன அப்டேட்தான் போட்டேன். அதன் பிறகு எல்லா அறிவித்தல்களிலும், ‘தொடர்புகளுக்கு’ என்று மகன் கனடா, மருமகள் பிரான்ஸ் என வருகிற இடத்தில், இறந்தவரின் பெயரே முதலாவதாக வந்து நின்றது. பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். அந்த எண்களை எவரும் பதிவேற்றியதில்லை. தளத்தில் சேர்த்திருந்த பிளகின் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் அவை போகவில்லை. பழைய பதிப்புக்கே திருப்பிவிடுவோம் என்று இருந்தபோது போன் அடித்தது. போன கிழமை தாயின் மரண அறிவித்தலைத் தந்த சிவகலா அக்கா.

“குறை நினைக்காதேங்கோ அக்கா, பிழை எங்கடதான். அம்மான்ர நம்பரை இப்பவே எடுத்துவிடுறன்.”

“ஐயோ, எடுத்துப்போடாதேங்கோ தம்பி.” குரலைத் தாழ்த்தினார். “அம்மா மற்றப் போன்ல நிக்கிறா. நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை.”

போனை வைத்துவிட்டு, தேடல் பெட்டியில் என் தம்பி நிரூபனின் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? போரின் கடைசிச் சண்டையில் காணாமல் போனவனுக்கு அறிவித்தல் போட அம்மா ஒருநாளும் விட்டதில்லை. ‘புதிய அறிவித்தல்’ என்பதைத் திறந்து அவன் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம், இறந்த திகதி. அதற்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அம்மா இருமினார்.