இடிக்கு மூச்சு வாங்குது

"இடின்னு பேரு வெச்சுக்கிட்டு தூறல் போட்டிருக்கீங்களே, நியாயமா சார்?"

கேட்டது நான்தான். காலேஜ் பத்திரிகைக்குப் பேட்டி எடுக்க அவரோட ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன்.

ராக் பாட்டுன்னா நாப்பது வருஷமா அவர்தான். பாடினா ஜன்னல் அதிரும். அதான் ரசிகர்கள் 'இடி'ன்னு பேரு வெச்சாங்க. புது ஆல்பத்துல ஒரு பாட்டு கூட ஓடலை. எல்லாம் மெதுவா நடக்குது. பிரிவு, முதுமை, ஆளில்லாத வீடுன்னு ஒரே சோகம்.

"ஆல்பம் பிடிக்கலையாம்மா?"

"பிடிச்சுது. அழுதேன். அதான் கோபமே! உங்க பாட்டைக் கேட்டுத்தான் எங்கப்பாவையே எதிர்த்துப் பேசினேன். நீங்களே ஓஞ்சுட்டா எப்படி? 'இடி அடங்கிவிட்டது'ன்னுதான் தலைப்பு போடப் போறேன்."

"ஏம்மா, இது பேட்டியா, போலீஸ் விசாரணையா?" மூலையில இருந்த டிரம்ஸ்காரர் சிரிச்சார். ஆரம்பத்துலேர்ந்து இடியோட வாசிக்கிறவர்.

இடி கோபப்படலை. "தாராளமா போட்டுக்கோ. வயசாச்சு, மூச்சு வாங்குது." இருமிக்கிட்டே தண்ணி குடிக்க வெளியே போனார்.

டிரம்ஸ்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"போன வருஷம் பக்கவாதம் வந்தது எனக்கு. நான் ஜம்முனு எழுந்து வந்துட்டேன். பாவம், அவன் மூச்சு படுத்துடுச்சு. 'மாப்ளே, எனக்காகக் கொஞ்சம் மெதுவா வாசிடா'ன்னு கெஞ்சினான். சிநேகிதனாச்சே, விட முடியுமா? என் வேகத்தை அடக்கி வாசிச்சேன். அதையெல்லாம் எழுதிடாதேம்மா. உடைஞ்சு போயிடுவான்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

இடி திரும்பி வந்ததும், டிரம்ஸ்காரர் எழுந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கற டிரம்ஸ் அறைக்குள்ள போனார். பொட்டுச் சத்தம் புகாத கனமான கதவு. இடி அதை அழுத்திச் சாத்தினார்.

"மன்னிச்சுடுங்க சார். மூச்சு விஷயம் தெரியாம வாயை விட்டுட்டேன்."

அவர் கண்ணாடியைக் கண்ணால காட்டினார்.

உள்ளே டிரம்ஸ்காரர் வலது கையில குச்சியை வெச்சு, நழுவாம இருக்க டேப் சுத்திக்கிட்டிருந்தார். விரல் மடங்கலை. பல்லால டேப்பைக் கடிச்சு இழுத்தார். மெதுவா ஒரு அடி. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு.

அந்தக் கையையே பார்த்துக்கிட்டு, இடி தன்னோட பழைய பாட்டுலயே வேகமானதை எடுத்தார். முழுப் பல்லவியும் ஒரே மூச்சுல. மேஜை மேல டம்ளர் நடுங்குச்சு. எனக்கு மயிர்க்கூச்செடுத்துச்சு. யாருடா இவரை அடங்கிட்டார்னு சொன்னது!

கதவோட கைப்பிடி திரும்புச்சு.

இடி சட்டுனு பாட்டை விழுங்கிட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு இரும ஆரம்பிச்சார்.