நாரை வீட்டு வரவேற்பு

புளியமரத்து உச்சியில் இரண்டு நாரைகள் அலகைப் படபடவென்று தட்டிக்கொண்ட சத்தம், கேட்டு எத்தனையோ வருஷமாகியும் என் காதை விட்டுப் போகவில்லை. மாலையில் ஆண் நாரை ஏரியிலிருந்து திரும்பியதும் அதுதான் வரவேற்பு. பெண் நாரை முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடியே அலகு தட்டும்.

பக்கத்துக் கிளையில் இருந்த காகத்துக்கு அது போதவில்லை.

"என்னக்கா, நாளெல்லாம் தண்ணியில நின்னுட்டு வர்றவருக்கு உட்கார்ந்த இடத்துலயே வரவேற்பா? கிளை நுனிவரைக்கும் போய், றெக்கையை விரிச்சு ஆடிக் கூட்டிட்டு வரணும்."

"முட்டை குளிர்ந்துடுமே?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அன்று பெண் நாரை கிளை நுனியில் ஆடியது. ஆண் நாரைக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ்வளவு ஆசையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே? நாளைக்கும் ஆடு," என்றது.

கூட்டுக்குத் திரும்பியபோது ஒரு முட்டை குறைந்திருந்தது. பெண் நாரை பதறிப்போய் ஆண் நாரையிடம் சொல்ல வாயெடுத்தது.

"பாம்பா இருக்கும்க்கா. நாளைக்கு இன்னும் கவனமாப் பார்த்துக்கிறேன்," என்று காகம் காதோடு சொன்னது. "வந்ததும் வராததுமா வீட்டுக் கவலையைச் சொல்லிடாதீங்க. பாவம், முகம் வாடிடும்."

பெண் நாரை சிரித்த முகத்தோடு மீனை வாங்கிக்கொண்டது. அடுத்தடுத்த மாலைகளிலும் ஆடியது. கூட்டில் ஒன்றுமே இல்லாமல் போன அன்று வெகுநேரம் ஆடியது.

"இன்னிக்குத்தான் அவசரமில்லாம வரவேற்றே," என்று ஆண் நாரை மனம் குளிர்ந்தது.

அந்த வருஷம் காகத்துக்கு உடம்பு நன்றாகத் தேறியது.