வாசலில் வேப்பிலை

"அட சாமி, ஆத்தா வந்திருக்காளா? அப்ப நாங்க இப்படியே கெளம்பறமுங்க!"

கேட்டில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்ததும், நோவு விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஆறுச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த வழியே திரும்பிப் போனார்.

சுப்புலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. வேப்பிலையைக் கட்டியதே அவள்தான்.

வேறு என்ன செய்வாள்? திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்தும் அவள் கணவன் சாமியப்பனுக்குச் சென்னையில் ஈரல் மாற்றி மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அங்கே பலரும் கேள்விப்படாத ஆபரேஷன்.

"புது ஈரலை உடம்பு ஏத்துக்கணும்னு எதிர்ப்பு சக்தியைக் குறைச்சு வெச்சிருக்கோம்மா. சளி, காய்ச்சல்கூட ஆபத்து. அம்மை கிம்மை தொத்திடுச்சுன்னா உயிருக்கு நான் உத்தரவாதம் இல்லை" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சொந்தக்காரர்கள் கேட்டால்தானே! நோவு விசாரிக்காவிட்டால் காலத்துக்கும் பேச்சாகிவிடுமே. 'உள்ளே வரக்கூடாது' என்று போர்டு மாட்டினாள். அந்தப் போர்டுக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, இருமிக்கொண்டே உள்ளே வந்தார்கள். கடைசியில் டாக்டர் சொன்ன அம்மையே அவளுக்கு வழி காட்டியது. ஆத்தா பேரில் பொய் சொல்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கட்டினாள். ஆனால் ஒரு வாரமாக ஈ, காக்கைகூட உள்ளே வரவில்லை.

ஆறுச்சாமி வந்துபோன மறுநாள், மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கியவள், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். சாமியப்பனின் அக்கா மருதாள், ஊத்துக்குளியிலிருந்து வந்தவள், தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நங்கையா! மொதல்ல எந்திரிச்சு வெளிய வாங்க! கேட்டுல வேப்பிலை கட்டியிருக்கறதப் பாக்கலீங்களா?"

"பாத்துட்டுத்தான் கண்ணு வந்தேன். எங்கூட்லயும் பேரனுக்கு ஆத்தா வந்து ஒடம்பெல்லாம் முத்து. நாலு நாளா அவன மடியிலயே போட்டுக்கிட்டுக் கெடக்கறேன். அப்பிடியிருக்க அடுத்த ஊட்டுக்குப் போகக்கூடாதல்ல, தம்பியப் பாக்க முடியலியேன்னு அழுதுட்டு இருந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மருதாள்.

"இங்கயும் ஆத்தா வந்திருக்கான்னு ஆறுச்சாமி எங்கூட்டு வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போனாரு. அப்பறம் என்ன பயம்னு மடியில இருந்தவன எறக்கி உட்டுட்டு ஓடியாந்துட்டேன்!"